கேட்காமல் கொடுத்த வளவு

786
தோணாக்கரை, கல்முனை.
12.02.1955

அன்புத் தங்கச்சி சுபைறாவுக்குக் காக்கா ஸைனுலாப்தீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் மதினி றாஹிலாவும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்கிறோம். மதினிக்கு மட்டும் முழங்கால் வலி. நான் சங்கத்து வேலையாகத் திரிவதனால்தான் அது வலிக்கிறதாம். மட்டக்களப்புத் தண்ணீர் உனக்கும் மச்சானுக்கும் முனவ்வறாவுக்கும் ஒத்துக்கொள்கிறதா?

ஒரு நல்ல செய்தி. நமதூருக்குப் பிரசவ விடுதி வரப்போகிறது. ஆறு கட்டிலும் மருத்துவமாது தங்க ஓர் அறையும் அரசாங்கமே கட்டித் தரும். காணியை மட்டும் ஊர் தரவேண்டும். நம் பகுதிக் காரியாதிகாரியாகப் புதிதாக வந்திருக்கும் டி.ஆர்.ஓ. யாழ்ப்பாணத்து மனிதர். கிராமச் சங்கத் தலைவர்கள் எல்லாரையும் தன் கந்தோருக்கு அழைத்து, "ஆர் காணி தருவியள்?" என்று கேட்டார். பக்கத்தூர்ச் சேர்மன் அபுல் ஹஸனைத் தெரியுமல்லவா, அவர் தொண்டையைக் கனைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் எழும்பி, "காணிக்கென்ன, பெரிய தெருவோட இரிக்கிற எங்கட வளவு முழுக்கத் தாறன்" என்று சொல்லிவிட்டேன். அபுல் ஹஸனின் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும்.

போன மாரியில் றாபியாவின் மகளைக் கல்முனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன வண்டியின் பக்கத்தில் நானும் நடந்தேன். பாதி வழியில் பிள்ளை பிறந்து, பாதி வழியிலேயே போய்விட்டது. சேர்மனாக இருந்து என்ன செய்தாய் என்று அன்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

பைல் அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு வரும். மச்சான் அங்கே கிளாக்கராக இருப்பதால் கொஞ்சம் தள்ளிவிடச் சொல். எல்லாருக்கும் சலாம்.

காக்கா,
ஸைனுலாப்தீன்

—

மட்டக்களப்பு.
03.03.1955

மரியாதைக்குரிய காக்காவுக்கு, தங்கச்சி சுபைறா சலாம் கூறி எழுதுகிறேன். நாங்கள் மூவரும் சுகம். மதினியின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சிப் பூசச் சொல்லுங்கள். உங்களைத் திரிய வேண்டாமென்று சொல்லிப் பயனில்லை என்பது எனக்கும் தெரியும்.

விடுதி வருவதைக் கேட்டு அழுதேவிட்டேன். காரணம் உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்று விளங்கவில்லை. எங்கட வளவு என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வளவு? பெரிய தெருவோடு இருப்பது உம்மா எனக்குச் சீதனமாக எழுதிவைத்தது ஒன்றுதானே. வேறு ஏதாவது வாங்கினீர்களா?

முனவ்வறா என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். வீடில்லாத பெண்ணை நமதூரில் யாரும் கேட்டு வரமாட்டார்கள். அந்த வளவில் அவளுக்கொரு வீடு போடவேண்டுமென்று அவர் கல்லும் மரமும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். வேலி விழுந்து கிடப்பதாகக் கேள்வி. ஒரு ஆளைப் பிடித்துக் கட்டிவிடுங்கள்.

எல்லாருக்கும் எங்கள் சலாம்.

தங்கச்சி,
சுபைறா

—

786
தோணாக்கரை.
30.03.1955

அன்புத் தங்கச்சிக்கு, ஸலாமுக்குப் பின். வீட்டில் எல்லாரும் சுகம், நான் மட்டும் சுகமில்லை. டி.ஆர்.ஓ. கந்தோர் வாசலில் என் ஆயுள் கழிகிறது.

முதலில் போனேன், சங்கத் தீர்மானத்தின் பிரதி இல்லை என்றார்கள். அதைக் கொண்டுபோனேன், ஓவசியர் வந்து அளக்கவேண்டும் என்றார்கள். ஓவசியரின் சைக்கிளில் காற்றில்லையாம். என் வண்டியை அனுப்பி ஏற்றிவந்தேன். மனிதர் அளந்ததைவிட இளநீர் குடித்தது அதிகம். வளவின் படத்தை வரைந்து முடித்தார், அப்பாடா என்று நினைத்தேன். இப்போது டி.ஆர்.ஓ. சொல்கிறார், "இன்னும் ஒரு சின்னக் கடதாசி வேணும் சேர்மன்" என்று. ஊர் என்னைத் தெரிந்தெடுத்திருக்கிறது. நான் வாயால் சொன்னது போதாதா? ஊருக்கு நன்மை செய்யப் புறப்பட்டவனை இப்படி அலைக்கழித்தால் எவன் முன்னுக்கு வருவான்? அபுல் ஹஸன் கந்தோருக்கு எதிரே இருக்கும் கடையில் தேநீர் குடித்துக்கொண்டு நான் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வேலி கட்டியாயிற்று. உன் வளவுத் தேங்காயில் ஒரு சாக்கு லொறியில் அனுப்பியிருக்கிறேன். முனவ்வறாவுக்கு என் துஆ.

காக்கா,
ஸைனுலாப்தீன்

—

மட்டக்களப்பு.
20.04.1955

மரியாதைக்குரிய காக்காவுக்குச் சலாம். நாங்கள் சுகம். தேங்காய் கிடைத்தது. நோன்பு வருகிறது, வெயிலில் கந்தோருக்கும் வீட்டுக்கும் நடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. எனக்குப் பதில் வேறு வழியில் கிடைத்துவிட்டது. பைல் கச்சேரிக்கு வந்து அவருடைய மேசையில் இருக்கிறது. வடக்கே பள்ளிவாசல் ஒழுங்கை, கிழக்கே றாபியாவின் வேலி, மேற்கே பெரிய தெரு. நடுவில் ஆறு கட்டில். இதை அவர் சோறு சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

காக்கா, அது என் வளவு. எனக்குக் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. நீங்கள் படுத்தெழும்பும் வீடு மதினியின் சீதன வீடு. அவருடைய அடுப்படியை ஒருநாள் அவரிடம் கேட்காமல் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துப் பாருங்கள். அன்றிரவு எங்கே படுப்பீர்கள் என்று எனக்குத் தெரியவேண்டும்.

விடுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நடந்தவர். நான் முனவ்வறாவுக்கு முந்திய பிள்ளையோடு அந்த வண்டிக்குள் கிடந்தவள். ஆனால் முனவ்வறாவுக்கென்று இருப்பதும் அந்த வளவு ஒன்றுதான். தருவேனா மாட்டேனா என்று இப்போது எனக்கே தெரியாது. நீங்கள் கேட்டால்தானே நான் யோசிக்கலாம்.

டி.ஆர்.ஓ. கேட்கும் சின்னக் கடதாசி என் சம்மதம் என்பதும் தெரியும். கேளுங்கள். அவ்வளவுதான்.

தங்கச்சி,
சுபைறா

—

786
தோணாக்கரை.
14.05.1955

கண்ணியமிக்க மச்சான் சாலிஹ் அவர்களுக்கு, ஸைனுலாப்தீன் சலாம். நோன்பு காலத்தில் தங்கள் தேகசுகம் நன்றாயிருக்க துஆச் செய்கிறேன். பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றும் மருதமுனைக் கைத்தறிச் சாறன் இரண்டும் கொண்டுவருபவரிடம் கொடுத்திருக்கிறேன். ஏற்றுக்கொள்ளவும்.

இத்துடன் ஒரு கடதாசி இருக்கிறது. கீழே புள்ளி வைத்த இடத்தில் சுபைறாவின் கையொப்பம் வேண்டும். விளங்கப்படுத்தப் போனால் கதை நீளும். தாங்கள் வைக்கச் சொன்னால் வைப்பாள்.

நானே கேட்கலாமே என்று நினைப்பீர்கள். மச்சான், ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் வைத்தும் சொல்லிவிட்டேன். இனி நான் கேட்டு, அவள் இல்லை என்றால் நான் எங்கே முகத்தை வைப்பது? கேட்காதவரை அவள் இல்லை என்று சொல்லவில்லை. தாங்கள் ஆண்பிள்ளை, தங்களுக்கு இது விளங்கும். அவளிடம் இதைச் சொல்லவேண்டாம்.

பெருநாளைக்கு எல்லாரும் வாருங்கள். ஒரு கிடாய் கட்டியிருக்கிறேன்.

தங்கள் மச்சான்,
ஸைனுலாப்தீன்

—

மட்டக்களப்பு.
27.05.1955

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு, சாலிஹ் சலாம். பெருநாள் நல்லபடி முடிந்திருக்கும். முனவ்வறாவுக்குச் சிறு காய்ச்சல் என்பதால் வரமுடியவில்லை. கிடாயை நினைத்துக் கவலைப்பட்டேன்.

சாறன் இரண்டும் எனக்கு அளவு. கடதாசி எனக்கு அளவில்லை, அதனால் திருப்பி அனுப்புகிறேன்.

அதை அவளிடம் காட்டினேன். "இது ஆருக்கு வந்த காயிதம்?" என்று கேட்டாள். எனக்கு என்றேன். "அப்ப நீங்களே ஒப்பத்த வையுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைய நோன்புக் கஞ்சியில் உப்பில்லை. மறந்திருப்பாள் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

இன்னொன்று. என் மனைவியின் காணி சம்பந்தமான பைலை நான் பார்ப்பது முறையில்லை. மேலதிகாரியிடம் சொல்லி வேறு மேசைக்கு மாற்றிவிட்டேன். தள்ளவும் என்னால் முடியாது, மறிக்கவும் முடியாது. கச்சேரியில் யாரும் இதை மறிக்கவில்லை மச்சான். எல்லாரும் ஒரு பெண்ணின் சம்மதத்துக்குக் காத்திருக்கிறார்கள். அந்தப் பெண் தன் காக்காவின் ஒரு கேள்விக்குக் காத்திருக்கிறாள். மூன்று சதத் தபால் அட்டையில் முடிகிற வேலை.

கோபிக்கவேண்டாம். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் சலாம்.

அன்புள்ள,
சாலிஹ்

—

மட்டக்களப்பு.
21.06.1955

காக்காவுக்குச் சலாம். சுகம் விசாரித்து எழுத மனம் வரவில்லை. ஆனாலும் மதினியின் முழங்கால் எப்படி இருக்கிறது?

மருதமுனையிலிருந்து சாறன் கொண்டுவரும் வியாபாரி நேற்று எங்கள் வாசலில் மூட்டையை இறக்கினார். நமதூர்த் தேநீர்க் கடையில் பேசிக்கொள்வதை நல்ல மனிதராக எங்களுக்கும் சொன்னார். "சேர்மன்ட மச்சான்தானாம் கச்சேரில இரிந்து பைல மறிச்சி வெச்சிரிக்கார். ஊருக்கு வாற நல்லதப் பொறுக்காத ஆளாம்" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். சேர்மனே தலையை ஆட்டினார் என்றார்.

முனவ்வறாவின் வாப்பா உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. குடையை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போய்விட்டார். பகல் சாப்பாட்டுக்கும் வரவில்லை. இத்தனை வருட உத்தியோகத்தில் ஒருவரிடம் ஒரு தேங்காய் வாங்காத மனிதர் அவர். அவருக்கு நமதூரில் நீங்கள் வாங்கிக் கொடுத்த பேர் இதுவா?

பெருநாளைக்கு வராததற்குக் காய்ச்சல் காரணமில்லை. எனக்கு வர மனமில்லை. என் வளவு ஊர்ச் சொத்து என்று பள்ளிவாசலில் சொல்லியாயிற்று. நான் வந்து எங்கே இறங்குவது? மதினி வீட்டில் விருந்தாளியாகவா?

தேநீர்க் கடைக்கு உண்மையைச் சொல்லுங்கள். காணி தங்கச்சியுடையது, அவளிடம் இன்னும் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். அதைச் சொல்லும்வரை எனக்கு எழுதவேண்டாம்.

சுபைறா

—

786
தோணாக்கரை.
09.09.1955

அன்புத் தங்கச்சி சுபைறாவுக்குக் காக்கா சலாம். இத்தனை நாளாக எழுதாததற்கு வயல் வேலைதான் காரணம். வேளாண்மை வெட்டி முடிந்தது. மதினிக்கு இப்போது இரண்டு முழங்காலும் வலி. உங்கள் சுகம் அறிய ஆவல்.

தேநீர்க் கடையில் மச்சானைப் பற்றிய கதையை நிறுத்திவிட்டேன். "சாலிஹ் மச்சான் ஒண்டையும் மறிக்கல்ல, இனி அந்தக் கதை வேணாம்" என்றேன். "மறுகா ஆர் மறிக்கிற?" என்று கேட்டார்கள். நான் தேநீரை வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

இம்மாத முடிவோடு அரசாங்க வருஷம் முடிகிறது. அதற்குள் காணி கையில் வராவிட்டால் விடுதிக் காசு திரும்பிப் போய்விடும் அல்லது வேறு ஊருக்குப் போகும். அபுல் ஹஸன் கடற்கரையில் ஒரு மணல் துண்டு தருவதாகச் சொல்லிவிட்டாராம். அந்த மணலில் ஆடு கட்டவும் முடியாது. அதையாவது எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் டி.ஆர்.ஓ.

நேற்று அவருடன் சண்டை பிடித்தேன். "நான் சேர்மன். என்ட சொல் உங்களுக்குப் போதாதா?" என்று மேசையில் தட்டினேன். மனிதர் சத்தம் போடவில்லை. "உங்கட காணிக்கு உங்கட சொல் போதும் சேர்மன். இது ஆரின்ர காணி?" என்று கேட்டார். ஓவசியர், பியோன், எல்லாரும் நின்றார்கள். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மழை தொடங்கப்போகிறது. றாபியாவின் இளைய மகளுக்கும் மார்கழியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு வண்டிக்குப் பக்கத்தில் நடக்க என்னால் முடியாது.

உனக்கு எல்லாம் தெரியும். நான் வேறென்ன எழுத?

காக்கா,
ஸைனுலாப்தீன்

—

மட்டக்களப்பு.
23.09.1955

மரியாதைக்குரிய காக்காவுக்குச் சலாம். நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கேள்வி எங்காவது ஒளிந்திருக்குமோ என்று தேடினேன். இல்லை.

நேற்று டி.ஆர்.ஓ. கச்சேரிக் கூட்டத்துக்கு வந்தவர், பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை. இவர் கதிரை போட்டார், நான் கோப்பி ஊற்றி முனவ்வறாவிடம் கொடுத்தனுப்பினேன். நான் உள்கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றேன். இவருடன் கதைப்பார், இவர் உள்ளே வந்து என்னிடம் சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையைத் திருப்பிப் போட்டார். சீலையைப் பார்த்துக் கதைத்தார். "தங்கச்சி, பெரிய தெருவடி வளவு உங்கட காணிதானே?" என்றார்.

"ஓம்" என்றேன்.

"அதில பிரசவ விடுதி கட்டலாமெண்டு யோசிக்கிறம். தர உங்களுக்கு விருப்பமோ? விருப்பமில்லையெண்டாலும் சொல்லுங்கோ. ஒரு குறையுமில்லை, நான் வேற இடம் பாக்கிறன்."

காக்கா, இத்தனை மாதமும் என்ன கேட்கவேண்டுமென்று இருந்தேனோ, அதை முன்பின் தெரியாத ஒருவர் வந்து இரண்டு வரியில் கேட்டுவிட்டார். இல்லை என்று சொல்லலாம் என்று அவர் சொன்னதும், இல்லை என்று சொல்லும் எண்ணம் எனக்குப் போய்விட்டது.

"எவ்வளவு இடம் வேணும்?" என்று கேட்டேன். "பாதி போதும் தங்கச்சி. சேர்மன்தான் முழுக்கத் தாறன் எண்டு நிண்டவர்" என்றார்.

பாதி. நீங்கள் அபுல் ஹஸனை வெல்வதற்காகச் சொன்னதை நான் முனவ்வறாவின் வீட்டு மண் முழுக்கப் போகிறதென்று நினைத்து இத்தனை நாள் நித்திரையில்லாமல் கிடந்தேன். நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்டிருப்பேன். பங்குனியிலேயே அத்திவாரம் போட்டிருக்கலாம்.

முனவ்வறாவிடமும் கேட்டேன். அவளுக்கு வரவேண்டிய வளவல்லவா. "தெருப்பக்கத்தக் குடுங்க உம்மா, எனக்கு உள்பக்கம் போதும். ஆனா புள்ளயள் அழுற சத்தம் கேக்குமே" என்றாள். டி.ஆர்.ஓ. சிரித்துவிட்டார்.

தெருப்பக்கப் பாதிக்கு ஒப்பம் வைத்துக் கொடுத்துவிட்டேன். ஊருக்குத்தான் கொடுத்தேன். உங்களுக்குக் கொடுக்கத்தான் ஆசையாக இருந்தது. நீங்கள் கேட்கவில்லை.

மதினிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

தங்கச்சி,
சுபைறா

—

786
தோணாக்கரை.
18.10.1955

அன்புத் தங்கச்சி சுபைறாவுக்குக் காக்கா ஸைனுலாப்தீன் சலாம். மச்சானுக்கும் முனவ்வறாவுக்கும் சலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு சுகம். உன் கடிதத்தை மதினிக்கு வாசித்துக் காட்டினேன். அன்றிரவு என் பாயைத் திண்ணையில் விரித்துவிட்டாள்.

பாதிதான் என்று ஊருக்குச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஜும்ஆவுக்குப் பிறகு எழும்பிச் சொன்னேன். காணி என் தங்கச்சியுடையது, நான் கேட்கவில்லை, டி.ஆர்.ஓ. கேட்டார், பாதி கொடுத்தாள் என்று சொன்னேன். செருப்பைத் தேடும்போது இரண்டுபேர் இருமினார்கள்.

சீமெந்து வந்து இறங்கியிருக்கிறது. மேசன்மாரும் நேற்றுக் காலை வந்துவிட்டார்கள். நடுவேலி போட்டுப் பார்த்தால், கிணறு உன் பாதிக்குள் நிற்கிறது. தெருப்பக்கத்தில் தண்ணீர் இல்லை. சாந்து குழைக்கவும் தண்ணீர் வேண்டும், விடுதி வந்த பின்னும் வேண்டும். நான் போவதற்கு முன்பே வாளியைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டார்கள். எடுக்கச் சொன்னேன். அள்ளிய தண்ணீரையும் திரும்ப ஊற்றச் சொன்னேன். மேசன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

ஆகவே தங்கச்சி, உன்னிடம் கேட்கிறேன். உன் கிணற்றில் தண்ணீர் அள்ளலாமா? விருப்பமில்லை என்றாலும் எழுது. வேறு கிணறு வெட்டுவோம்.

இன்று காலை டி.ஆர்.ஓ. ஜீப்பில் வந்து இறங்கினார். மழைக்கு முன் அத்திவாரம் முடியவேண்டுமே என்று அவருக்கு அவசரம். "என்ன சேர்மன், ஆக்கள் சும்மா இருக்கினம்? ஆர் வேலையை மறிச்சது?" என்று கேட்டார். "நான்தான். காணிக்காரிட சம்மதம் இன்னும் வரல்ல" என்றேன்.

மேசன்மார் தென்னை நிழலில் படுத்திருக்கிறார்கள். பதிலைத் தபாலில் போடு, தந்தி அடிக்கத் தேவையில்லை. காத்திருக்கிறோம்.

காக்கா,
ஸைனுலாப்தீன்